அணு ஆயுத ஒப்பந்தங்கள்: எங்கள் வாசகர் வட்டத்தில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

முத்தியால்பேட்டையில் எங்கள் வாசகர் வட்டம் சனிக்கிழமை மாலைகளில் கூடுகிறது. முப்பது ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் என்பதால், அணு என்ற சொல் காதில் விழுந்தாலே எல்லோரும் என் பக்கம் திரும்பிவிடுவார்கள். 2026 பிப்ரவரி 5 அன்று, அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவில் மிஞ்சியிருந்த கடைசி அணு ஆயுத வரம்பு ஒப்பந்தமான 'நியூ ஸ்டார்ட்' காலாவதியானது. அன்று முதல் கேள்விகள் கூடிவிட்டன. புதுச்சேரியில் இருந்தும் கடலூரில் இருந்தும் வந்தவர்கள் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட தொனியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

உலகத்தைப் பலமுறை அழிக்கும் அளவுக்குக் குண்டுகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஓர் ஒப்பந்தம் போனால் என்ன, இருந்தால் என்ன?

2010 ஏப்ரலில் பிராக் நகரில் அமெரிக்க அதிபர் ஒபாமாவும் ரஷ்ய அதிபர் மெத்வதேவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அது. ஏவத் தயாராக நிறுத்தியிருக்கும் நெடுந்தொலைவு வெடிமுனைகள் ஆளுக்கு 1,550க்கு மேல் போகக் கூடாது. அவற்றைச் சுமக்கும் ஏவுகணைகளும் விமானங்களும் 700க்கு மேல் போகக் கூடாது. ஏவுகணையின் நுனியில் அமரும் அணுகுண்டைத்தான் வெடிமுனை என்கிறோம். செய்தித்தாள்கள் இந்த எண்களைத்தான் பெரிதாக எழுதின. எனக்கு அவற்றைவிடப் பெரிய இழப்பாகத் தெரிவது அந்த எண்களை நேரில் போய் எண்ணிப் பார்த்த ஏற்பாடு.

ஆண்டுக்கு 18 முறை ஒரு நாட்டின் ஆய்வாளர்கள் மற்ற நாட்டின் ராணுவத் தளத்துக்குள் போகலாம். எந்தத் தளம் என்பதை வந்து இறங்கிய பிறகுதான் சொல்வார்கள். சொன்னதும் அந்தத் தளத்தில் இருந்து ஏவுகணைகளை வெளியே நகர்த்தக் கூடாது. பிறகு அவர்கள் ஓர் ஏவுகணையைச் சுட்டிக்காட்டுவார்கள். அதன் மூக்கு மூடியைக் கழற்றுவார்கள். உள்ளே இருக்கும் வெடிமுனைகளின் மேல் உறை போர்த்தியிருக்கும். வடிவம் தெரியாது, எண்ணிக்கை தெரியும். இராணுவ ரகசியமும் காக்கப்படும், கணக்கும் சரிபார்க்கப்படும். 'இது அணு ஆயுதம் இல்லை' என்று சொல்லப்படும் பொருளைக் கதிரியக்கக் கருவி வைத்துச் சோதித்துக்கொள்ளலாம். ஒவ்வோர் ஏவுகணைக்கும் தனி அடையாள எண் உண்டு. அது ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்துக்குப் போனால் மற்றவருக்குத் தகவல் போக வேண்டும். 2011 முதல் 2020 வரை இப்படி 328 நேரடி ஆய்வுகள் நடந்தன. 25,000க்கும் மேற்பட்ட தகவல் அறிவிப்புகள் பரிமாறப்பட்டன.

2020 மார்ச்சில் கொரோனாவால் ஆய்வுகள் நின்றன. திரும்பத் தொடங்கவே இல்லை. 2023 பிப்ரவரியில் ரஷ்யா ஒப்பந்தத்தில் தன் பங்கேற்பை நிறுத்திவைத்தது. இந்த ஆண்டு காலமும் முடிந்துவிட்டது. ஒருமுறை மட்டுமே நீட்டிக்கலாம் என்பது ஒப்பந்தத்தின் விதி. அந்த வாய்ப்பு 2021இலேயே பயன்படுத்தப்பட்டுவிட்டது. அதன் இடத்தில் வைக்க வேறொரு ஒப்பந்தம் அன்று தயாராக இல்லை. 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சனும் சோவியத் தலைவர் பிரெஷ்நேவும் தொடங்கிவைத்த ஆயுத வரம்பு ஒப்பந்தங்களின் வரிசையில் பெரும் இடைவெளி விழுந்திருக்கிறது.

எதிரியிடம் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாதபோது ராணுவத் தளபதிகள் எப்போதும் அதிகமாகத்தான் கணக்கிடுவார்கள். அது அவர்கள் தொழில் தர்மம். அந்தக் கணக்குக்கு ஈடாக இவர்கள் கட்டுவார்கள், இவர்கள் கட்டுவதைப் பார்த்து அவர்கள் கட்டுவார்கள். 1950களில் தொடங்கி முப்பது ஆண்டுகள் இதுதான் நடந்தது.

எதிரி என்று ஆன பிறகு அவனை நம்பி எப்படிக் கையெழுத்துப் போடுவது?

இதைக் கேட்டவர் கடலூர் தேவனாம்பட்டினத்தைச் சேர்ந்த படகு உரிமையாளர். அவரிடமே பதில் இருந்தது.

சுருக்குமடி வலைத் தகராறை நம் கரையில் அறியாதவர்கள் இல்லை. அந்த வலையை வைத்து ஒரே வீச்சில் ஒரு மீன் கூட்டத்தையே சுருட்டிவிடலாம் என்பதால் தடை போட்டார்கள். தடை இருந்தும் பல ஆண்டுகள் சண்டை ஓயவில்லை. காரணம் என்ன? "அந்த ஊர்க்காரர்கள் வலையைக் கரையேற்றினால் நாங்களும் கரையேற்றுகிறோம்" என்று ஒவ்வோர் ஊரும் சொன்னது. மற்ற ஊர் உண்மையிலேயே கரையேற்றிவிட்டதா என்று பார்த்துச் சொல்ல இரு தரப்பும் ஏற்கும் ஆள் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தையும் எண்ணிப் பாருங்கள். விசைப்படகுகள் துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. யார் போனாலும் எண்ணிவிடலாம். ஒரு படகு காணவில்லை என்றால் மறுநாள் காலையில் ஊருக்கே தெரியும். அதனால்தான் அந்தத் தடைக்கு ஊர்கள் கட்டுப்படுகின்றன. பக்கத்து ஊர்க்காரர் மேல் புதிதாகப் பாசம் பிறந்ததால் இல்லை.

அணு ஆயுத ஒப்பந்தமும் இதே பிழைப்புதான். நண்பர்களுக்கு நடுவில் இந்த ஒப்பந்தம் தேவைப்படாது. பிரிட்டனிடம் எத்தனை குண்டு என்று அமெரிக்கா போய் எண்ணுவதில்லை.

இந்த ஒப்பந்தங்களால் உண்மையில் ஒரு குண்டாவது குறைந்ததா?

ஏராளமாகக் குறைந்தது. இதை நம் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

1986இல் உலகில் சுமார் 70,000 வெடிமுனைகள் இருந்தன. இன்று சுமார் 12,000. அதாவது, ஆறில் ஐந்து பங்கு போய்விட்டது. 1987 டிசம்பர் 8 அன்று ரீகனும் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட நடுத்தொலைவு ஏவுகணை ஒப்பந்தம், 500 முதல் 5,500 கிலோமீட்டர் வரை பாயும் தரைவழி ஏவுகணைகளை அடியோடு ஒழித்தது. 1991க்குள் 2,692 ஏவுகணைகளை நசுக்கியும் எரித்தும் வெடித்தும் அழித்தார்கள். மற்ற தரப்பு ஆட்கள் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். அழித்த பிறகும் விட்டுவிடவில்லை. ரஷ்யாவின் வோட்கின்ஸ்க் ஏவுகணைத் தொழிற்சாலை வாசலில் அமெரிக்க ஆய்வாளர்களும், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துத் தொழிற்சாலை வாசலில் ரஷ்ய ஆய்வாளர்களும் 13 ஆண்டுகள் குடியிருந்து, வெளியே போகும் சரக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒப்பந்தத்தில் இருந்து 2019 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்கா விலகியது. ரஷ்யா மீறிவிட்டது என்பது அமெரிக்கா சொன்ன காரணம். ரஷ்யா அதை மறுத்தது.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. கழற்றிய குண்டுகளில் இருந்த யுரேனியத்தை என்ன செய்வது? 1993இல் இரு நாடுகளும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. ரஷ்யக் குண்டுகளில் இருந்து எடுத்த 500 டன் உயர் செறிவு யுரேனியத்தை, மின் உலைக்கு ஏற்ற அளவுக்கு நீர்க்கச் செய்து அமெரிக்காவுக்கு விற்றார்கள். சுமார் 20,000 வெடிமுனைகளுக்குச் சமமான சரக்கு அது. 2013 டிசம்பரில் கடைசி ஏற்றுமதி போய்ச் சேர்ந்தது. அந்த இருபது ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்சாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, அதே அமெரிக்க நகரங்களைக் குறிவைத்திருந்த குண்டுகளில் இருந்து வந்தது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பின்வரிசை மாணவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்வார்கள்.

இப்போது யாரிடம் எவ்வளவு இருக்கிறது?

ஒன்பது நாடுகளிடம் இருக்கின்றன. ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனம் 2025 ஜனவரி நிலவரமாகச் சொன்ன மதிப்பீடு: ரஷ்யாவிடம் ஏறக்குறைய 5,459, அமெரிக்காவிடம் 5,177. சீனா 600, பிரான்ஸ் 290, பிரிட்டன் 225, இந்தியா 180, பாகிஸ்தான் 170, இஸ்ரேல் 90, வட கொரியா 50. பெரும்பாலான அரசுகள் தங்கள் கணக்கை வெளியிடாததால் இவை ஆய்வாளர்களின் கணிப்புகள்.

என் அப்பா பிரெஞ்சுப் படையில் இருந்தவர். வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. பிரான்ஸ் எந்த ஒப்பந்தத்துக்குள் வருகிறது?

குருசுக்குப்பத்தில் இருந்து வரும் ஒரு சொல்தா வீட்டுப் பெண்மணி கேட்டது. வெளியூர் வாசகர்களுக்காக: பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுபவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம்.

பிரான்ஸ் தன் முதல் அணுகுண்டை 1960 பிப்ரவரி 13 அன்று அல்ஜீரியாவின் சகாரா பாலைவனத்தில் வெடித்தது. ஒரு செய்தியை இங்கே கவனிக்க வேண்டும். 1954 நவம்பர் 1 அன்றே புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்துவிட்டது. ஆனால் சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நடந்தது. ஆக, அந்தக் குண்டு வெடித்த நாளில் காகிதத்தில் நாம் இன்னும் பிரெஞ்சு மண்ணாகவே இருந்தோம். பிரான்ஸ் மொத்தம் 210 சோதனைகள் நடத்தியது: அல்ஜீரியாவில் 17, பசிபிக் கடலின் பொலினேசியத் தீவுகளில் 193. ஒரு சோதனைகூட பிரான்ஸின் தாய்மண்ணில் நடக்கவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரும் சட்டம் 2010இல்தான் வந்தது. குடியேற்ற நாடு என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 1996 ஜனவரிக்குப் பிறகு பிரான்ஸ் சோதனை நடத்தவில்லை. பசிபிக் சோதனைத் தளத்தைக் கலைத்தது. தரையில் இருந்து ஏவும் ஏவுகணைகளை ஒழித்தது. 1998இல் சோதனைத் தடை ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் அளித்தது. அணு ஆயுதம் புதிய நாடுகளுக்குப் பரவாமல் தடுக்கும் பரவல் தடை ஒப்பந்தத்தில் 1992இல் சேர்ந்தது. ஆனால் 'உன்னிடம் இத்தனைக்கு மேல் இருக்கக் கூடாது' என்று பிரான்ஸைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் எதுவும் கிடையாது.

குண்டைப் பயன்படுத்தும் அதிகாரம் பிரான்ஸில் குடியரசுத் தலைவர் ஒருவரிடமே இருக்கிறது. அந்தத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குச்சீட்டு, அம்மா, உங்கள் கையில் இருக்கிறது. புதுச்சேரியிலேயே வாக்களிக்கிறீர்கள். வெளிநாடு வாழ் பிரெஞ்சுக் குடிமக்களுக்கென்று நாடாளுமன்ற உறுப்பினரும் உண்டு. அவர் வாக்குக் கேட்டு வரும்போது இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

மற்றவர்களைச் சொல்கிறோம். இந்தியா ஏன் பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை?

இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1954 மார்ச் 1 அன்று அமெரிக்கா பசிபிக் கடலின் பிகினி தீவில் 15 மெகாடன் ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. ஹிரோஷிமா குண்டைப் போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. அறிவிக்கப்பட்ட ஆபத்து எல்லைக்கு வெளியே ஜப்பானியச் சூரைமீன் படகு ஒன்று நீளத் தூண்டில் கயிறு போட்டிருந்தது. பேர் 'ஐந்தாம் ஃபுகுர்யூ மாரு'. அதில் 23 பேர். விடியும் முன் மேற்கே வானம் வெளுத்தது. சில மணி நேரத்தில் வெள்ளைச் சாம்பல் பனிபோல் தளத்தில் விழத் தொடங்கியது. அது வெடித்துப் பொடியான பவளப்பாறை. தூண்டில் கயிற்றை இழுத்துக்கொண்டே அதைத் தலையில் இருந்து தட்டிவிட்டார்கள். படகின் வானொலி இயக்குநர் அய்க்கிச்சி குபோயாமா அந்தச் செப்டம்பரில் இறந்தார். ஜப்பான் சந்தைகளில் டன் டன்னாக மீனைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். கடலூர்த் துறைமுகத்தில் ஏலத்துக்கு நிற்கும் யாருக்கும் அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 2 அன்று, நேரு நம் மக்களவையில் எழுந்து அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்திவைக்கும் உடன்பாடு வேண்டும் என்றார். அப்படிக் கேட்ட முதல் அரசுத் தலைவர்களில் அவர் ஒருவர். 1962இல், 83 வயதில், நம் ராஜாஜி வாஷிங்டன் வரை போய் கென்னடியைச் சந்தித்துச் சோதனைகளை நிறுத்தும்படி வாதாடினார். அரசியலில் அவரோடு ஒத்துப்போகாதவர்களும் அந்தப் பயணத்தை மதிக்க வேண்டும். மறு ஆண்டே வானிலும் கடலிலும் விண்வெளியிலும் சோதனை கூடாது என்ற ஒப்பந்தம் வந்தது, இந்தியா கையெழுத்திட்டது.

1968இல் பரவல் தடை ஒப்பந்தம் வந்தபோது கதை மாறியது. 1967 ஜனவரி 1க்கு முன் குண்டு வெடித்த ஐந்து நாடுகள் அணு ஆயுத நாடுகள். மற்றவர்கள் தொடக் கூடாது. ஐந்து பேரும் தங்கள் ஆயுதங்களை ஒழிக்கப் பேச்சு நடத்த வேண்டும் என்று ஆறாம் பிரிவு சொல்கிறது. எப்போது முடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. இது பாகுபாடு என்று இந்தியா மறுத்தது. அந்த மறுப்பில் நியாயம் இருந்தது, இன்றும் இருக்கிறது. 1974 மே 18 பொக்ரானில் முதல் வெடிப்பு. 1988இல் ராஜீவ் காந்தி ஐ.நா.வில், 2010க்குள் எல்லா நாடுகளும் படிப்படியாக அணு ஆயுதங்களை ஒழிக்கும் திட்டம் ஒன்றை முன்வைத்தார். பத்தே ஆண்டுகளில், 1998 மே மாதம், மீண்டும் பொக்ரான்.

என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. நாம் பாகுபாட்டை எதிர்த்தோம். பிறகு பாகுபாட்டின் மேல் தட்டில் ஓர் இருக்கை கிடைத்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டோம். 'முதலில் பயன்படுத்தமாட்டோம்' என்ற 2003ஆம் ஆண்டுக் கொள்கை நல்லது. அதை விடக் கூடாது. ஆனால் 1954இல் கேட்டவர்கள் நாம் என்பதையும் மறக்கக் கூடாது.

கல்பாக்கம் நமக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது? அது இதில் எங்கே வருகிறது?

இரண்டு இடங்களில் வருகிறது. இரண்டாவதுதான் நம்மை நேரடியாகத் தொடுவது.

ஒன்று: அமெரிக்காவுடன் செய்த அணுசக்தி உடன்பாட்டுக்காக இந்தியா தன் உலைகளைக் கண்காணிப்புக்கு உட்படுபவை, உட்படாதவை என்று இரண்டாகப் பிரித்துக் காட்டியது. கூடங்குளம் சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்பில் இருக்கிறது. கல்பாக்கத்தின் சென்னை அணுமின் நிலைய உலைகள் இரண்டும், எரிப்பதைவிட அதிகமாக எரிபொருளை உண்டாக்கும் ஈனுலைகளும் அந்தக் கண்காணிப்புக்கு வெளியே வைக்கப்பட்டன.

இரண்டு: 1988 டிசம்பர் 31 அன்று ராஜீவ் காந்தியும் பெனசீர் பூட்டோவும் இஸ்லாமாபாத்தில் இருந்தபோது ஓர் உடன்பாடு கையெழுத்தானது. ஒருவர் அணுசக்தி நிலையங்களை மற்றவர் தாக்குவதில்லை என்பது அதன் சாரம். மின் உலைகள், ஆராய்ச்சி உலைகள், எரிபொருள் ஆலைகள் எல்லாம் அதன் வரையறைக்குள் வருகின்றன. 1992 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று டெல்லியிலும் இஸ்லாமாபாத்திலும் ஒரே நேரத்தில் தங்கள் நிலையங்களின் பட்டியலைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள். கார்கில் போரை அடுத்து வந்த ஜனவரியிலும் பட்டியல் கைமாறியது. மும்பைத் தாக்குதலுக்குப் பிறகும் கைமாறியது. தூதர்களைத் திருப்பி அனுப்பிய ஆண்டுகளிலும் கைமாறியது.

செய்தித்தாளின் உள்பக்கத்தில் இரண்டு அங்குலச் செய்தியாக அது வரும். நான் அதைக் கத்தரித்து ஒட்டிவைக்கும் நோட்டு ஒன்று இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே இரண்டு மணி நேரப் பயணத்தில் கல்பாக்கம். ஓர் உலை தாக்கப்பட்டால் வடக்கத்திக் காற்று அடிக்கும் மார்கழியில் அது எந்தப் பக்கம் வரும் என்று மரக்காணம் உப்பளத் தொழிலாளியிடம் கேட்டாலே சொல்வார். அந்த இரண்டு அங்குலச் செய்தி நம் வீட்டுக் காரியம்.

உக்ரைன் குண்டுகளைக் கொடுத்துவிட்டு அடி வாங்கியது. இதற்குப் பிறகும் யாராவது ஆயுதத்தைக் கீழே வைப்பார்களா, ஐயா?

எல்லாக் கேள்விகளிலும் கடினமானது இதுதான்.

சோவியத் யூனியன் உடைந்தபோது உக்ரைன் மண்ணில் சுமார் 1,900 நெடுந்தொலைவு வெடிமுனைகள் இருந்தன. 1994 டிசம்பர் 5 அன்று புடாபெஸ்டில் ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் உக்ரைனின் எல்லைகளை மதிப்பதாகக் கையெழுத்திட்டன. 1996க்குள் கடைசி வெடிமுனையும் ரஷ்யாவுக்குப் போனது. 2014இல் ரஷ்யா கிரிமியாவை எடுத்துக்கொண்டது, 2022இல் முழுப் போர் தொடுத்தது. இது வாக்குத் துரோகம். வேறு சொல் தேட வேண்டியதில்லை.

ஆனால் இரண்டு விவரங்கள் வேண்டும். அந்தக் குண்டுகள் உக்ரைனில் இருந்தன, ஏவும் கட்டளை மாஸ்கோவில் இருந்தது. மேலும் புடாபெஸ்ட் காகிதத்தில் 'மதிப்போம்' என்றுதான் எழுதியிருந்தது. கலந்து பேசுவோம் என்பதைத் தவிர, மீறினால் யார் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி இல்லை. வீட்டுப் பத்திரம் எழுதும்போதுகூட நாம் அந்த வரியைக் கேட்போம். அடுத்த ஒப்பந்தத்தை எழுதுபவர்கள் இதில் இருந்து கற்க வேண்டியது அதைத்தான்.

தானாகக் கட்டித் தானாகக் கலைத்த நாடும் ஒன்று உண்டு: தென்னாப்பிரிக்கா. ஆறு குண்டுகளைச் செய்து வைத்திருந்தது. எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, 1991இல் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்து, 1993இல் உலகத்துக்குச் சொன்னது.

தவறுதலாக ஏவிவிட வாய்ப்பு உண்டா?

2022 மார்ச் 9 அன்று இந்தியாவின் பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி, பாகிஸ்தானுக்குள் நூறு கிலோமீட்டருக்கு மேல் பறந்து மியான் சன்னு அருகே விழுந்தது. அதில் வெடிபொருள் இல்லை, உயிர்ச்சேதம் இல்லை. இரண்டு நாள் கழித்து இந்தியா வருத்தம் தெரிவித்தது. அந்த ஆகஸ்டில் விமானப்படை அதிகாரிகள் மூவர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள்.

சோதனைக்கு முன் தகவல் சொல்ல இரு நாடுகளுக்கும் 2005இல் இருந்து ஓர் உடன்பாடு இருக்கிறது. ஆனால் அது வானில் உயர்ந்து வளைந்து விழும் பாலிஸ்டிக் ஏவுகணைகளுக்கு மட்டுமே. பிரம்மோஸ் போலத் தாழப் பறக்கும் குரூஸ் ஏவுகணைகள் அதில் இல்லை. இந்த ஓட்டையை அடைக்க உலக மாநாடு எதுவும் வேண்டாம். இரண்டு அதிகாரிகள், ஒரு மேசை, ஒரு பத்தி போதும். இத்தனை ஆண்டுகள் அடைக்காமல் இருப்பது எனக்குக் கோபம் தருகிறது.

சோதனைத் தடை ஒப்பந்தம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்கிறார்கள். பிறகு அதனால் என்ன பயன்?

1996இல் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. குறிப்பிட்ட 44 நாடுகளும் ஒப்புதல் அளித்தால்தான் நடைமுறைக்கு வரும். இந்தியா, பாகிஸ்தான், வட கொரியா கையெழுத்தே போடவில்லை. அமெரிக்காவும் சீனாவும் கையெழுத்திட்டு ஒப்புதல் அளிக்காமல் வைத்திருக்கின்றன. 2023 நவம்பரில் ரஷ்யா கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றது.

ஆனால் ஒப்பந்தத்துக்காக வியன்னாவில் இருந்து இயங்கும் ஒரு காது உலகம் முழுவதும் விரிந்திருக்கிறது. நிலநடுக்கக் கருவிகள், கடலுக்குள் ஒலி கேட்கும் கருவிகள், காற்றில் காதுக்கு எட்டாத அதிர்வைப் பிடிக்கும் கருவிகள், கதிரியக்கத் துகள்களை முகரும் கருவிகள் என 337 இடங்கள் திட்டமிடப்பட்டு, பெரும்பாலானவை இயங்குகின்றன. இந்த நூற்றாண்டில் வட கொரியா நடத்திய ஆறு சோதனைகளையும் அது கேட்டுவிட்டது. வேறு எந்த நாடும் இந்த நூற்றாண்டில் குண்டு வெடித்துச் சோதித்ததாக உறுதியாகவில்லை.

இனி நம் ஊர்க் கதை. 2004 டிசம்பர் 26 காலை, நம் நேரப்படி 6.29க்குச் சுமத்ரா அருகே கடலடி பிளந்தது. இந்தியப் பெருங்கடலில் டியேகோ கார்சியா தீவருகே இந்த வலையமைப்பின் கடலொலிக் கருவிகள் அதைப் பதிவு செய்தன. அலை கடலூருக்கு வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தது. அந்தப் பதிவு யாரையும் எச்சரிக்கும் ஏற்பாட்டோடு இணைக்கப்பட்டிருக்கவில்லை. தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, கிள்ளை என்று ஊர் ஊராக, கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்தத் தகவல்களைச் சுனாமி எச்சரிக்கை மையங்களுக்கு உடனுக்குடன் கொடுப்பது என்று முடிவானது.

குண்டைத் தேட வைத்த கருவி அலையைக் கேட்டது. பயன் என்ன என்று கேட்டவர் சிங்காரத்தோப்புக்காரர் என்பதால் அந்தச் சனிக்கிழமை நான் இதை மெதுவாகத்தான் சொன்னேன்.

அணு ஆயுதங்களை முற்றிலும் தடை செய்யும் ஒப்பந்தம் ஒன்று வந்துவிட்டதாமே?

ஆம். 2017 ஜூலை 7 அன்று ஐ.நா.வில் 122 நாடுகள் ஏற்றன. 2021 ஜனவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அணு ஆயுதம் வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றுகூடச் சேரவில்லை. அதனால் அதைக் காகிதம் என்பவர்கள் உண்டு. 1996இல் சர்வதேச நீதிமன்றம், ஆயுத ஒழிப்புப் பேச்சை நடத்தி முடிக்க வேண்டியது கடமை என்று ஒருமனதாகச் சொன்னது. அந்தக் கடமையை மற்றவர்கள் நினைவூட்டிக்கொண்டே இருக்க இப்போது ஒரு மேடை இருக்கிறது. அந்த அளவில் நான் அதை வரவேற்கிறேன்.

சீனா ஏன் பேச்சுக்கு வர மறுக்கிறது?

"எங்களிடம் 600, உங்களிடம் ஆளுக்கு ஐயாயிரம், முதலில் நீங்கள் இறங்கி வாருங்கள்" என்கிறது. வாதம் புரிகிறது. ஆனால் சீனாவின் எண்ணிக்கை வேகமாக ஏறுகிறது, சீனாவைப் பார்த்து இந்தியா, இந்தியாவைப் பார்த்து பாகிஸ்தான் என்று அது நம் வாசலுக்கு வரும்.

செயற்கை நுண்ணறிவு குண்டை ஏவிவிடும் என்று மகன் பயமுறுத்துகிறான்.

2024 நவம்பரில் பெரு நாட்டின் லிமா நகரில் பைடனும் ஷி ஜின்பிங்கும், அணு ஆயுதத்தைப் பயன்படுத்தும் முடிவு மனிதர் கையில்தான் இருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். அது ஒப்பந்தம் இல்லை, வாய்மொழி இணக்கம். உங்கள் மகன் பயப்படுவதில் தவறில்லை.

அடுத்து என்ன ஒப்பந்தம் வரலாம்?

பெரிய ஒப்பந்தம் உடனே வராது என்றே நினைக்கிறேன். வரக்கூடியவை சிறியவை. அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவில் 1988இல் செய்துகொண்ட ஏவுகணைச் சோதனை முன்னறிவிப்பு உடன்பாடு இருக்கிறது; அதில் சீனாவையும் சேர்க்கலாம். எண்ணிக்கை பேசாமல், தகவல் மட்டும் பரிமாறத் தொடங்கலாம். ஜெனீவாவின் ஆயுதக் குறைப்பு மாநாட்டில் 1995 முதல் பேச்சளவிலேயே கிடக்கும், அணுகுண்டுக்கான மூலப்பொருள் உற்பத்தித் தடையைத் தூசி தட்டலாம். அங்கே 65 நாடுகளும் ஒத்துக்கொண்டால்தான் ஓர் அங்குலம் நகரும். ஏற்கெனவே குவித்தவற்றைத் தொடாத தடை இந்தியாவுக்குச் சாதகம் என்று பாகிஸ்தான் தடுத்துவருகிறது.

என்னைக் கேட்டால், முதல் வேலை ஆய்வாளர்களைத் திரும்ப அனுப்புவது. வரம்பு பிறகு வரட்டும். நியூ ஸ்டார்ட் ஆய்வில் ஏவுகணையின் முன்னால் நின்றவர்களுக்கு 2020இல் கடைசிப் பயணம் முடிந்தது. எங்கே நிற்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும், எது ஒளிக்கப்பட்டால் எப்படித் தெரியும் என்ற கைப்பழக்கம் அவர்களோடு ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறது. படகு கட்டும் மேஸ்திரி போய்விட்டால் வரைபடம் மட்டும் வைத்துக்கொண்டு படகு கட்ட முடியாது.

புதுச்சேரியில் இருந்துகொண்டு நாம் என்ன செய்ய முடியும்?

நமக்கு மக்களவையில் ஓர் உறுப்பினர், மாநிலங்களவையில் ஓர் உறுப்பினர். கடலூருக்கு மக்களவையில் ஒருவர். நாடாளுமன்றத்தில் எழுத்துவழிக் கேள்வி கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு, அரசு பதில் சொல்லியாக வேண்டும். முன்னறிவிப்பு உடன்பாட்டில் குரூஸ் ஏவுகணைகளைச் சேர்க்கப் பேச்சு நடக்கிறதா என்ற ஒரே கேள்வியைக் கேட்கச் சொல்லி மூவருக்கும் கடிதம் எழுதியிருக்கிறோம். தமிழில், ஒரு பக்கத்துக்குள், 41 கையெழுத்துகளோடு. உங்கள் ஊரிலும் எழுதுங்கள். பொதுவாக 'அமைதி வேண்டும்' என்று எழுதினால் பொதுவாகவே பதில் வரும், குறிப்பாகக் கேளுங்கள்.

ஆகஸ்ட் 6 கூட்டம் இந்த ஆண்டும் உண்டா?

உண்டு. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது காலை 8.15. இன்றைய நம் கடிகாரத்தில் விடியற்காலை 4.45. அந்த நேரத்தில் கடற்கரைச் சாலையில் காந்தி சிலை அருகே கூடுகிறோம். சாலையில் வண்டி ஓடாது, நிம்மதியாகப் பிள்ளைகளை அழைத்து வரலாம். பேச்சு எதுவும் கிடையாது. அந்த ஆண்டு இறுதிக்குள் ஹிரோஷிமாவில் இறந்தவர்கள் ஏறக்குறைய 1,40,000 பேர். அவர்களில் சிலருடைய வயதையும் தொழிலையும் மட்டும் ஒரு மாணவி படிப்பாள். அந்த இருட்டில் கட்டுமரங்களின் விளக்குகள் வெளியே போவது தெரியும். ஐந்தரைக்குள் முடித்துவிடுவோம், வேலைக்குப் போகிறவர்கள் போகலாம். தேநீர் நாங்கள் கொண்டுவருகிறோம். டம்ளர் மட்டும் அவரவர் எடுத்துவர வேண்டும்.